கார்வின் கடையில் வெல்டா வாங்கிய குவாட்

வெல்டா மன்சி எதையும் உடனே திருப்பிக் கொடுக்கிற ஆள் இல்லை. பொறுமையாக வைத்திருந்து, நன்றாகப் பழுத்த பிறகுதான் கொடுப்பாள். லாரல் ஃபோர்க் பள்ளத்தாக்கில் அவளோடு வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அவளிடம் வாலாட்டியவர்கள் உண்டு. அவர்கள் கதி என்ன ஆனது என்பதற்கு ஒன்றைச் சொன்னால் போதும்.

இருபத்தாறு வயதில் அவள் நிலக்கரிச் சுரங்கத்தில், பாறைக் கூரை இடிந்து விழாமல் போல்ட் அடிக்கும் வேலையில் சேர்ந்தாள். முதல் மாதமே ஃபோர்மேன் ஒருவன் அவளுடைய சாப்பாட்டு வாளியில் செத்த எலியைப் போட்டு வைத்துவிட்டு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று சிரித்தான். வெல்டா எலியை எடுத்து எறிந்தாள். வாளியைக் கழுவினாள். வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு வருடம் ஓடியது. சுரங்கத்துக் குளியலறையில் ஆளுக்கொரு சங்கிலி தொங்கும். அதன் நுனியில் இருக்கும் கூடையில் வீட்டு உடுப்பைப் போட்டுக் கூரைவரை இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் எல்லோரும் கீழே இறங்குவார்கள். ஃபோர்மேனின் மாமியார் வெளியூரிலிருந்து வந்து, அவனை அழைத்துப்போக வாசலில் காரோடு நிற்கப்போகிற ஒரு நாளாகப் பார்த்து, வெல்டா அவன் சங்கிலியில் இன்னொரு பூட்டையும் போட்டுச் சாவியை ஓடையில் எறிந்தாள். மனிதன் இடுப்பில் துண்டோடு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் பதினோரு வருடம் அவள் வாளியை யாரும் தொடவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் கார்வின் லஸ்க் மாட்டினான்.

கார்வினுக்கு ஓடைக்கரைச் சாலையில் குவாட் வண்டிக் கடை; காடுமேடு ஏறுகிற, நாலு சக்கர மோட்டார் சைக்கிள் மாதிரியான வண்டிகள். சுற்றுவட்டாரத்தில் வேறு கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசை, சனிக்கிழமை காட்டுக்குள் முன்வரிசை என்று இருக்கிறவன். பேச்சில் தேன் சொட்டும். வண்டி வாங்க வந்தவன் வேண்டாததையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அவனுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவான்.

எங்கள் மலையில் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போகும்போது சட்டம் என்று ஒன்றுதான் உண்டு. தடம் பிரிகிற இடத்தில் பக்கவாட்டில் திரும்புகிறவர் அங்கேயே நின்று, பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நகரலாம். பிரிவில் யாரும் நிற்கவில்லை என்றால், நேரே போ என்று அர்த்தம். குடித்துவிட்டு ஓட்டுகிறவன்கூட இதை மீற மாட்டான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் சனிக்கிழமை கார்வின் மீறினான். இலையுதிர் காலம்; தடமெல்லாம் இலை மூடிக் கிடந்தது. புதிதாக வெட்டிய தடம் வேறு, வெல்டாவுக்கே பழக்கமில்லை. அவள் கடைசியாக வந்தாள். அவளுக்கு நேர் முன்னால் கார்வின். பிரிவுக்கு அவள் வந்தபோது அங்கே ஈ காக்கை இல்லை. சட்டப்படி நேரே போனாள். நேரே போனால், மலையை வெட்டித் தோண்டிய பழைய சுரங்கக் குழியின் விளிம்பு. பதினைந்து அடி கீழே விழுந்தாள். வண்டி அவள் இடது கால்மேல் விழுந்தது. எரிவாயுக் குழாய்க்கு அளவெடுக்க வந்தவர்கள் பிற்பகலில் தற்செயலாக அந்தப் பக்கம் வந்திராவிட்டால், இந்தக் கதையை நான் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன்.

கணுக்காலில் ஒரு தகடு, ஒன்பது திருகாணிகள். மறுபடி வேலைக்கு இறங்கலாம் என்று கையெழுத்துப் போட சுரங்கத்து டாக்டர் மறுத்துவிட்டார். பாறைக்கு போல்ட் அடித்த கை, இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் பீன்ஸ் கிண்டிக்கொண்டும் சோளரொட்டி வெட்டிக்கொண்டும் இருக்கிறது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். கார்வின் என்ன சொன்னான் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. "நான் நின்னேன், கையை ஆட்டினேன், அவளும் தலையாட்டினா. அப்புறம் ஏன் நேரே போனாளோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்" என்றான். ஊர் நம்பியது. 'நேரே போன வெல்டா' என்று பெயரும் வைத்தது. பெட்ரோல் போடப் போனால், "என்ன வெல்டா, இன்னிக்கும் நேராத்தானா?" என்று எவனாவது கேட்பான். ஒருமுறை தேவாலயத்து வாசலில் நாலு பேர் முன்னால் அவள் கார்வினை நேருக்கு நேர் கேட்டாள். அவன் அவள் தோளில் கை வைத்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "வலி மாத்திரை போட்டுட்டு இருந்தா அப்படித்தாம்மா தோணும். உனக்காக நாங்க ஜெபம் பண்றோம்."

எங்கள் ஊரில் வலி மாத்திரை போதை எத்தனை வீட்டைச் சுடுகாடாக்கியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் விஷம் புரியும். வெல்டா ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு ஒரு மாத்திரைகூடத் தொடாதவள். அன்றுமுதல் ஜனங்கள் அவளிடம் பேசும்போது அவள் கண்ணை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாவி, ஒரே வாக்கியத்தில் காலோடு சேர்த்துப் பெயரையும் உடைத்துவிட்டான்.

வெல்டாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "நான் நிற்கவில்லை" என்று அவன் வாயாலேயே, ஊர்க்காரர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அதற்கு வழி யோசித்தபோதுதான், வண்டி வாங்குவது என்று முடிவு செய்தாள். அதுவும் அவன் கடையிலேயே.

காரணம் இருக்கிறது. கார்வின் கடையில் வண்டி வாங்கினால் அந்தச் சனிக்கிழமை 'முதல் சேறு' என்று ஒரு சுற்று போவது வழக்கம். புது வண்டிக்காரர்தான் முன்னால் போவார். தடத்தை அவரே தேர்ந்தெடுப்பார். வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க, கார்வின் அவருக்கு அடுத்து வருவான். மற்றவர்கள் அதற்குப் பின்னால். வேறு எந்த நாளிலும் அவனை வெல்டாவின் பின்னால் வரவைக்க முடியாது.

போன குளிர்காலம் முழுவதும் அவள் கைத்தடியோடு காட்டுக்குள் நடந்தாள், சட்டைப்பையில் ஓர் அளவு டேப்போடு. எங்களிடம் 'ஒல்லிக் கழுதை' என்று ஒரு தடம் உண்டு. புதர் அடர்ந்த சரிவில் வளைந்து வளைந்து இறங்கும். அதன் அடிவாரத்தில், ஒரு வளைவு தாண்டியதும், பீச் என்கிற பருத்த காட்டு மரங்கள் இரண்டு தோளோடு தோள் நிற்கின்றன. நடுவில் நாற்பத்தேழு அங்குலம். மூன்று தடவை அளந்தாள்.

கார்வினின் பந்தய வண்டி ஐம்பது அங்குலம். அதை அவனே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தான். கடையில் வந்தபோது ஒல்லியாக இருந்ததை, நீள அச்சு மாட்டி அகலமாக்கியிருந்தான். மணல்மேட்டிலும் பந்தயத் திடலிலும் அகலம் நல்லது, வளைவில் கவிழாது. மரங்களுக்கு நடுவே ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு? சும்மா பந்தாவுக்குத்தான்.

மார்ச் மாதம் பனி உருகியதும் வெல்டா கடைக்குள் நுழைந்தாள். கூட அவளுடைய சித்தி மகள் நோலா. அவளும் பள்ளிக்கூடச் சமையலறையில்தான் வேலை. காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆர்பி வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு விபத்து நடந்தபோது கூட்டத்தில் இருந்தவர். கார்வின் அவர் வண்டியைக் காசு வாங்காமல் பழுது பார்ப்பான். அதனால் அவருக்கு அந்த நாளைப் பற்றி வாயே கிடையாது.

"அடடே, வெல்டாம்மா!" என்று கார்வின் கையை விரித்துக்கொண்டு வந்தான். "கால் எப்படி இருக்கு? இங்க வா, உனக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன்." பின்னால் சாமான் தட்டு வைத்த, சோபா மாதிரி இருக்கையுள்ள ஒரு பெரிய வண்டியைக் காட்டினான். "கியரே கிடையாது. விசையை அழுத்தினா போதும், தானா போகும். கோழிக்குத் தீனி மூட்டைகூட ஏத்திக்கலாம்."

"நான் கோழி வளர்க்கல. ஸ்போர்ட் குவாட் காட்டு."

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா? கியரைக் கால்விரலால தூக்கணும்மா."

"கால் என்னோடது. வண்டியைக் காட்டு."

முதலில் எழுநூறு சிசி வண்டி ஒன்றைக் காட்டினான். வெல்டா அதில் ஏறி உட்கார்ந்து, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். "நேர் ரோட்டுல பறக்கும். ஆனா சேத்துல கவிழ்ந்தா நான் தனியா நிமிர்த்த முடியாது. வேண்டாம்." அடுத்தது நானூற்றைம்பது சிசி பந்தய வண்டி, கார்வின் ஓட்டுகிற வண்டிக்கு அண்ணன் தம்பி மாதிரி. "இதுல ரிவர்ஸ் இருக்கா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கார்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ரிவர்ஸா? ஸ்போர்ட் வண்டிக்கு எதுக்கு ரிவர்ஸ்? ஓட்டத் தெரியாதவங்களுக்குத்தான் பின்னால போற கியர்."

"அப்ப எனக்கு அதுதான் வேணும். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதுன்னு நீயே ஊரெல்லாம் சொல்லிட்டியே."

சிரிப்பு நின்றது. ஆர்பி காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

மூலையில் ஒரு பழைய மாடல் நின்றது. நானூறு சிசி, காற்றிலேயே குளிர்கிற இன்ஜின். ரேடியேட்டர் என்று ஒன்று இல்லாததால் கல்லடி பட்டு ஒழுகுகிற வம்பில்லை. முதல் கியரில் நடை வேகத்தில் ஊரும், இருந்தாலும் திணறி நிற்காது. ரிவர்ஸ் உண்டு. யாரும் வாங்காமல் இரண்டு வருடமாகத் தூசி படிந்து கிடந்தது. வெல்டா டேப்பை எடுத்து, ஒரு பின்சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் வெளிவிளிம்புவரை அளந்தாள். நாற்பத்தைந்து. பிறகு முன்சக்கரங்களையும் அளந்தாள்.

"என்ன வெல்டா, கட்டிலுக்கு அளவெடுக்கிறியா?" என்றான் கார்வின்.

"கொட்டாயில வைக்க இடம் பார்க்கிறேன்" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "கியர் லீவரை ஒரு பல்லு கீழ இறக்கிக் கொடு. என் கணுக்கால் மேல மடங்காது. கால் மொத்தத்தையும் முழங்கால்லேர்ந்து தூக்கிக்கிறேன்."

அவனே குனிந்து இறக்கிக் கொடுத்தான். தன் காலடியில் மண்டியிட்டு அவன் ஸ்பேனர் திருப்புவதை வெல்டா நின்று பார்த்தாள். அந்தக் காட்சியே அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி இருந்தது என்று பிற்பாடு நோலாவிடம் சொன்னாளாம்.

"சனிக்கிழமை முதல் சேறு. எந்தத் தடம்?" என்று கேட்டான் கார்வின்.

"ஒல்லிக் கழுதை. ஆனா நீ வேற வண்டி எடுத்துட்டு வா. உன் பந்தய வண்டி அகலம். உள்ள போகாது."

உண்மையைத்தான் சொன்னாள், உண்மையைச் சொன்னால் அவன் எப்படித் துள்ளுவான் என்று தெரிந்தே சொன்னாள்.

"என்கிட்டயே சொல்றியா?" கார்வின் கடைக்கு வந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "இந்த மலையில என் வண்டி போகாத இடம் ஒண்ணு இருந்தா, நான் கடையை மூடிடறேன். அதுலதான் வருவேன்."

"உன் இஷ்டம்."

சனிக்கிழமை காலை ஏழு வண்டிகள் கிளம்பின. வெல்டா முன்னால், அவள் முதுகைத் தொட்டுக்கொண்டு கார்வின், பிறகு நோலா, ஆர்பி, இன்னும் மூன்று பேர். முதல் பிரிவில் வெல்டா நின்றாள். கார்வின் வருவதைப் பார்த்து, கையை நன்றாக உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். இரண்டாவது பிரிவிலும் அப்படியே. மூன்றாவதில் கார்வின் கத்தினான், "தெரியுதும்மா, போ!" அவன் சலித்துக்கொள்ளச் சலித்துக்கொள்ள அவளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஒல்லிக் கழுதையின் சரிவில் அவள் முதல் கியரில் ஊர்ந்தாள். பின்னால் பந்தய இன்ஜின் உறுமியது. அது மெதுவாகப் போவதற்குப் பிறந்த வண்டி இல்லை. கார்வின் கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமாகக் குதித்துக் குதித்து வந்தான். கடைசி வளைவில் வெல்டா உடம்பை இழுத்துக்கொண்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்தது மாதிரி வெளியே வந்தாள். பத்தடி தள்ளி நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

கார்வினும் மரங்களைப் பார்த்தான். பார்த்தவன் நின்றிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் பின்னால் ஐந்து பேர் பார்ப்பார்கள். நிறுத்திவிட்டால் பின்னால் போக ரிவர்ஸ் கிடையாது. இறங்கி, சரிவில் மேல்நோக்கித் தள்ள வேண்டும். அவன் விசையை முழுசாக அழுத்தினான். காற்று குறைவாக அடித்த முன்சக்கரங்கள் அமுங்கி உள்ளே நுழைந்து, ஆப்பு மாதிரி இறுகி நின்றன. பின்பக்கம் ஈர இலையில் சறுக்கி ஒரு பக்கமாகத் திரும்பி, அவன் இடது பூட்ஸை மரத்தின் வேரோடு சேர்த்து அழுத்திக்கொண்டது. இன்ஜின் செத்தது.

வெல்டா திட்டமிட்டது வண்டி மாட்டுவதை மட்டும்தான். கால் மாட்டியது அவளே எதிர்பார்க்காத போனஸ்.

"ஐயோ, கால்! தூக்குங்கடா!"

மேலே எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார்கள். நான்கு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம். வெல்டா நொண்டிக்கொண்டு வந்து கையை உயர்த்தினாள்.

"யாரும் தொடாதீங்க. இவன்கிட்ட ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

"வெல்டா, விளையாடாத! வலிக்குது!"

"வலி மாத்திரை இருக்கா யார்கிட்டயாவது?" என்று மற்றவர்களைக் கேட்டாள். பிறகு குனிந்தாள். "கார்வின். அன்னிக்குப் பிரிவுல நின்னியா?"

"முதல்ல காலை எடுங்க, அப்புறம் பேசலாம்!"

"நின்னியா, இல்லையா?"

ஆர்பி ஓர் அடி முன்னால் வைத்தார். வெல்டா அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் இவன் அன்னிக்கு முதல்ல என்ன சொன்னான்னு தெரியுமே, ஆர்பி. சாப்பிட நின்ன இடத்துல, வெல்டா எங்கன்னு நீங்க கேட்டீங்களாமே. சொல்லுங்களேன்."

ஆர்பி தொப்பியைக் கழற்றினார். "'அவ வீட்டுக்குத் திரும்பியிருப்பா'ன்னு சொன்னான்" என்றார் தரையைப் பார்த்து. "கையை ஆட்டினேன்னு சொன்னதெல்லாம் மறுநாள்தான்." வைத்த அடியை அவரே பின்னால் எடுத்துக்கொண்டார்.

கார்வின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். உதவுகிற முகம் எதுவும் இல்லை.

"நிக்கல!" என்று கத்தினான். "போதுமா? நான் நிக்கல!"

ஐந்து பேர் காதில் விழுந்தது. வெல்டாவின் இரண்டு வருடத்துக் கனவு பலித்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் அவளுக்குக் காரணமும் வேண்டியிருந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் அவள் நூறு காரணம் யோசித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூட நடனத்துக்கு அவன் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றதாலா? ஈஸ்டர் சுற்றில் அவனை முந்தியதாலா? அவன் வண்டியைக் கிண்டல் செய்ததாலா?

"ஏன்டா? நான் உனக்கு என்னடா பண்ணேன்?"

கார்வின் மூச்சு வாங்கினான். பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. "ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு நம்ம கூட்டத்தோட வந்த ஒஹாயோக்காரங்க என் வண்டி வேகத்தைப் பார்க்கணும்னு அவங்க பின்னால விரட்டிட்டுப் போனேன். பின்னால நீ வந்துட்டிருந்ததே எனக்கு ஞாபகம் இல்ல, வெல்டா."

வெல்டா கன்னத்தில் அறை வாங்கினவள் மாதிரி நின்றாள். பகை என்றால் அவளுக்குப் புரியும். பகைக்கு அவள் மரியாதைகூடக் கொடுப்பாள். இவனிடம் அது இல்லை. இரண்டு வருடமாகத் தினமும் அவள் மனசுக்குள் இவனோடு சண்டை போட்டிருக்கிறாள். இவன் மனசில் அன்றைக்கு அவளுக்கு நிற்க ஒரு மூலைகூட இருந்ததில்லை. கால் போனது, வேலை போனது, பெயர் போனது, எல்லாம் ஒரு மறதியில்.

அவள் தன் வண்டிக்குப் போனாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் முகத்துக்கு நேரே ஒரு கட்டையில் உட்கார்ந்து, பொரித்த பலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச்சைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்றாள். யாரும் கிட்டே வரவில்லை. கார்வின் முனகினான், திட்டினான், பிறகு ஆண்டவரைக் கூப்பிட்டான்.

"போதும்டி, வெல்டா" என்றாள் நோலா மெதுவாக.

"இன்னும் பாதி இருக்கு."

அந்தப் பாதியையும் தின்றாள். கையைக் கால்சட்டையில் துடைத்தாள். எழுந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"இனிமே ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்."

"யாரை?"

அவன் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "வெல்டா மன்சியை."

"சத்தமா."

"வெல்டா மன்சி!"

"தூக்குங்க" என்றாள் அவள் மற்றவர்களிடம்.

தூக்கினார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், கணுக்கால் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். எலும்பு எதுவும் உடையவில்லை. அதில் வெல்டாவுக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு.